தாமதமாக வந்தவருக்கும் ஒரு தீர்த்தம்

தருமபுரி மாவட்டத்தில் அரூரிலிருந்து தீர்த்தமலைக்குச் சுமார் 16 கிலோமீட்டர் தூரம். மாசி மாதத்தில் அந்தச் சாலையில் செல்பவர்களுக்குப் புளியின் வாசனையும் துணைக்கு வரும். இருபுறமும் புளி உலுக்குகிறார்கள். வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் அமர்ந்து ஓடு நீக்கிக்கொண்டிருக்கிறார்கள். மரவள்ளிக் கொல்லைகளையும் மஞ்சள் வயல்களையும் தாண்டிப் பேருந்து திரும்பும்போது, வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு மலை எதிரே வந்து நிற்கிறது. மலையின் மேலே தீர்த்தகிரீசுவரர், அம்பிகை வடிவாம்பிகையுடன் எழுந்தருளியிருக்கிறார். அடிவாரத்திலும் ஓர் ஆலயம் உண்டு.

வெயில் ஏறிய பிறகு இந்த மலையில் ஏறுவது கடினம். ஆகவே தொலைவிலிருந்து வரும் அன்பர்கள் பலர் முதல் நாள் மாலையே வந்து, அடிவாரத்தில் தங்கி, விடியும் முன்பே மலைக்குப் புறப்படுகிறார்கள். அந்த ஓர் இரவில்தான் இங்கே யாத்திரிகர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்கிறார்கள். ஊர், மொழி, தொழில் எல்லாம் வேறு வேறாக இருந்தாலும், மறுநாள் காலையில் எல்லோரும் போக வேண்டிய இடம் ஒன்றே.

பிரம்மோற்சவக் கூட்டம் இன்னும் தொடங்காத ஒரு மாசி வெள்ளிக்கிழமை மாலை. அடிவாரக் கோயிலில் தீபாராதனை முடிந்து மண்டபத்தில் ஐந்தாறு பேர் அமர்ந்திருந்தார்கள். குடியாத்தத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்; வயது எழுபத்தேழு. உடன் அவருடைய மனைவி. திருவண்ணாமலையிலிருந்து மருத்துவமனைச் செவிலியராகப் பணிபுரியும் ஓர் அம்மையார். உடன் கல்லூரியில் படிக்கும் மகள். பெங்களூரிலிருந்து கன்னடம் பேசும் ஒரு தம்பதியர். அவர்களும் அறுபதைக் கடந்தவர்கள்.

ஆசிரியரும் பெங்களூர்த் தம்பதியரும் அன்று காலையிலேயே ஒருவரையொருவர் பார்த்திருந்தார்கள். ஊத்தங்கரையிலிருந்து அரூர் செல்லும் வழியில், தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது அனுமன் தீர்த்தம். அங்கே முதலில் நீராடிவிட்டு, அதன் பிறகே தீர்த்தமலையின் இராம தீர்த்தத்தில் நீராட வேண்டும் என்பது வழிவழியாக வரும் முறை. ஆற்றங்கரையில் ஆசிரியர் படியில் இறங்கத் தயங்கியபோது, கை கொடுத்து இறக்கியவர் அந்தப் பெங்களூர்க்காரர்தான். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் பிரிந்தவர்கள், மாலையில் ஒரே மண்டபத்தில் மறுபடியும் சந்தித்தார்கள்.

"இதே ஊருக்கு வருகிறீர்கள் என்று தெரிந்திருந்தால் எங்கள் காரிலேயே அழைத்து வந்திருப்பேனே, சார்" என்று அவர் தமக்குத் தெரிந்த தமிழில் வருந்தினார்.

"இப்போது வந்து சேர்ந்துவிட்டோமே. அதுவே போதும்" என்றார் ஆசிரியர்.

பேச்சு மெல்ல வளர்ந்தது. எங்கிருந்து வருகிறீர்கள், என்ன வேண்டுதல் என்று கேட்பது யாத்திரைத் தலங்களில் மட்டும் தவறாகக் கொள்ளப்படுவதில்லை. செவிலியர் அம்மையாரின் மகளுக்கு அடுத்த மாதம் தேர்வு. பெங்களூர்த் தம்பதியரின் மகன் வெளிநாட்டில் இருக்கிறார். அவருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. ஆசிரியரின் முறை வந்தபோது அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்.

ஏழு வயதில் அவருக்குத் தீராத வயிற்றுவலி. வைத்தியம் பல பார்த்தும் குணமாகவில்லை. தீர்த்தமலையின் அகத்திய தீர்த்தம் வயிற்று நோய்களைத் தீர்க்கும் என்று யாரோ சொல்ல, அவருடைய தாயார் வேண்டிக்கொண்டு மகனைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். அப்போது தருமபுரி என்று தனி மாவட்டம் கிடையாது. எல்லாம் சேலம் ஜில்லாதான். 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதிதான் தருமபுரி தனி மாவட்டமானது. குடியாத்தத்தில் ரயிலேறி மொரப்பூரில் இறங்கி, அங்கிருந்து மாட்டுவண்டியில் வந்தார்கள். மலைப்பாதையில் தாயார் அவரை இடுப்பில் சுமந்தபடியே ஏறினார்.

"வலி போய்விட்டது. 'பெரியவனானதும் நீயாக நடந்து வந்து ஒரு முறை ஸ்நானம் பண்ணிவிட்டு வா, அப்பா' என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். படிப்பு, வேலை, பெண்களின் கல்யாணம் என்று ஒவ்வொரு வருஷமும் தள்ளிப்போயிற்று. அம்மா போய் முப்பது வருஷம் ஆகிறது. இப்போதுதான் வந்திருக்கிறேன்."

அதற்கு மேல் அவர் சொல்லாததை மனைவி சொன்னார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு இதயத்தில் சிகிச்சை நடந்திருந்தது. செங்குத்தாக ஏறவே கூடாது என்பது மருத்துவரின் கண்டிப்பு. அடிவாரத்தில் வணங்கிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் மனைவியை அழைத்து வந்திருக்கிறார். மலையைப் பார்த்த பிறகு, ஏறியே தீருவது என்கிறார்.

"நாலு மணிக்குப் புறப்பட்டு நின்று நின்று ஏறினால் ஏறிவிடுவேன். அப்படியே வழியில் உயிர் போனாலும் என்ன? சிவனுடைய மலை. புண்ணியம்தானே?" என்றார் ஆசிரியர்.

மண்டபத்தில் யாரும் பேசவில்லை. செவிலியர் அம்மையார்தான் பதில் சொன்னார். "உங்களுக்குப் புண்ணியம், ஐயா. பக்கத்தில் இருக்கிற அம்மாவுக்கு?"

ஆசிரியர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து இருந்தார்.

அந்த அமைதியைக் கலைத்தது ஒரு லாரியின் ஒலி. சற்று நேரத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் கைகால் கழுவிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார். ஊர் நாமக்கல். அரூரில் சரக்கு இறக்கிவிட்டு வருவதற்கு நேரமாகிவிட்டது. படுத்த படுக்கையாக இருக்கும் தாயாருக்குத் தீர்த்தம் எடுத்துப் போக வந்திருந்தார்.

"தீபாராதனை முடிந்துவிட்டதா? எனக்கு எப்போதும் இப்படித்தான், எதற்கும் கடைசியில்தான் வந்து சேர்வேன்" என்று சிரித்தார்.

"நாமக்கல்காரர் அப்படிச் சொல்லலாமா, தம்பி? உங்கள் ஊர் ஆஞ்சநேயரே தாமதமாக வந்தவர்தானே!" என்றார் ஆசிரியர். நாமக்கல்லில் மேற்கூரை இல்லாமல் 18 அடி உயரத்தில் நிற்கும் ஆஞ்சநேயரை அறியாதவர் உண்டா? எல்லோரும் சிரித்தார்கள். கல்லூரிப் பெண் மட்டும், "ஆஞ்சநேயர் தாமதமாக வந்தாரா? அது என்ன கதை, தாத்தா?" என்று கேட்டாள்.

நாற்பது ஆண்டு பாடம் நடத்தியவருக்கு அது போதுமானதாக இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து தலபுராணத்தைச் சொல்லத் தொடங்கினார்.

இராவணனை வதம் செய்த பிறகு, அந்தத் தோஷம் நீங்குவதற்காக இராமபிரான் இந்த மலையில் சிவபூஜை செய்ய எண்ணினார். அபிஷேகத்துக்குக் காசியிலிருந்து கங்கை நீரும், மலர்களும் கொண்டு வரும்படி அனுமனை அனுப்பினார். குறித்த வேளை நெருங்கியும் அனுமன் வரவில்லை. இராமர் தம் பாணத்தை மலைமீது எய்தார். பாறை பிளந்து நீர் பெருகிற்று. அதுவே இராம தீர்த்தம். அந்த நீரால் பூஜை நிறைவேறிய பிறகு அனுமன் கங்கை நீருடன் வந்து சேர்ந்தார். அவ்வளவு தூரம் சுமந்து வந்த நீருக்கு வேலையில்லாமல் போயிற்றே என்ற வருத்தத்தில் அதை வீசி எறிந்தார். அது தென்பெண்ணைக் கரையில் விழுந்து அனுமன் தீர்த்தமாயிற்று.

"பிறகு?" என்றாள் பெண்.

"பிறகு என்ன? இராமர் அவனைக் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தத் தண்ணீரும் வீணாகவில்லை. முதலில் அனுமன் தீர்த்தத்தில் குளித்துவிட்டு வா, அதன் பிறகு என் தீர்த்தத்துக்கு வா என்று ஆகிவிட்டது. ராமேஸ்வரத்திலும் இதே கதைதான். கைலாசத்திலிருந்து லிங்கம் கொண்டு வரப் போன அனுமன் வருவதற்குள், சீதாதேவி மணலால் பிடித்த லிங்கத்துக்குப் பூஜை நடந்துவிட்டது. ஆனாலும் அனுமன் கொண்டு வந்த விஸ்வலிங்கத்துக்குத்தான் அங்கே இன்றைக்கும் முதல் பூஜை. தாமதமாக வந்தவனுக்குத்தான் இரண்டு இடத்திலும் முதல் மரியாதை."

சொல்லி முடித்தவர் சட்டென்று நின்றார். தாம் சொன்ன கதையைத் தாமே அப்போதுதான் கேட்டவர் போல இருந்தது அவர் முகம்.

பெங்களூர்க்காரர் மெதுவாகச் சொன்னார். "சார், நீங்கள் இன்று காலையில் அனுமன் தீர்த்தத்தில் குளித்தீர்கள். நான் பார்த்தேன். முதல் மரியாதை உங்களுக்குக் கிடைத்துவிட்டது. மேலே இருக்கிற தீர்த்தத்தை நாங்கள் கொண்டு வருகிறோம்."

ஆசிரியர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மனைவியிடம் சொன்னார்: "நீ இவர்களோடு போய்விட்டு வா."

"உங்களைத் தனியாக விட்டுவிட்டா?"

"அம்மா என்னைச் சுமந்தாள். நீயும் ஐம்பது வருஷம் சுமந்துவிட்டாய். ஒரு நாள் கையை வீசிக்கொண்டு நடந்து போய் வா. நான் இங்கேயே இருக்கிறேன்."

யாத்திரையில் வழித்துணை என்பது நம் மரபில் மிகப் பழைய செல்வம். காசிக்குப் போகிறவர்கள் இராமேசுவரத்து மணலை எடுத்துச் சென்று கங்கையில் சேர்த்து, கங்கை நீரைக் கொண்டு வந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்வார்கள். போக முடியாதவர்கள், போகிறவர்களிடம் சொல்லி ஒரு செம்பு கங்கை நீர் வாங்கி வைத்துக்கொள்வார்கள். வழிநெடுகச் சத்திரங்கள் இருந்தன. முன்பின் அறியாதவர்கள் ஒரே கூடத்தில் படுத்து எழுந்தார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர் கஞ்சி வைத்துக் கொடுத்தார். நாயன்மார்களிலும் அப்பரும் சம்பந்தரும் ஒருவருக்கொருவர் வழித்துணையாகத் தலங்கள் தோறும் சென்றவர்கள். ஒருவர் முதியவர், மற்றவர் பாலர். திருப்பூந்துருத்தியில் சம்பந்தர் வந்த சிவிகையைக் கூட்டத்தோடு கூட்டமாகத் தாமும் தோள் கொடுத்துச் சுமந்தார் அப்பர். யார் யாரைச் சுமப்பது என்பதில் வயது ஒரு கணக்காக இருக்கவில்லை.

மறுநாள் விடியற்காலை நான்கரை மணிக்கு அவர்கள் புறப்பட்டார்கள். லாரி ஓட்டுநர் இரண்டு நாள் உறங்காதவர். அவரை எழுப்ப மனமில்லாமல் விட்டுவிட்டுச் சென்றார்கள். ஆசிரியரின் மனைவி கையில் ஒரு பித்தளைச் செம்பு. மாமியார் அந்தக் காலத்தில் கொண்டு வந்த அதே செம்பு.

பாதை செங்குத்தானது. படிகளும் சரிவுகளும் மாறி மாறி வருகின்றன. அங்கங்கே நின்று மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும். செவிலியர் அம்மையார் அந்த அம்மாளின் நாடியைத் தொட்டுப் பார்த்துப் பார்த்து அழைத்துச் சென்றார். பெங்களூர் அம்மையார் தம் கைத்தடியை அவரிடம் கொடுத்துவிட்டுக் கணவரின் தோளைப் பற்றிக்கொண்டார். கிழக்கு வெளுத்தபோது பாதி மலை ஏறியிருந்தார்கள். கீழே அரூர்ச் சமவெளியும், தொலைவில் மலைத்தொடர்களும் மெல்லத் துலங்கின.

மலைமேல் ஆலயத்தின் பெருமை அதன் தீர்த்தங்கள்தாம். இராம தீர்த்தம், குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்திய தீர்த்தம், அக்கினி தீர்த்தம் என ஐந்தும் இங்கே உள்ளன. முருகப்பெருமான் வழிபட்டது குமார தீர்த்தம் என்றும், அம்பிகை ஈசனின் திருமேனியில் இடப்பாகம் வேண்டி வழிபட்டது கௌரி தீர்த்தம் என்றும் தலபுராணம் கூறுகிறது. இராம தீர்த்தம் பாறையின் உச்சியிலிருந்து கீழே விழுகிறது. கடும் கோடையிலும் அது நின்றுபோவதில்லை என்கிறார்கள் உள்ளூர் மக்கள். அருணகிரிநாதர் இம்மலை முருகனைத் திருப்புகழில் பாடியிருக்கிறார். சோழர் காலத்துக் கல்வெட்டுகளும் இவ்வாலயத்தில் உண்டு.

பாறையிலிருந்து விழும் நீரின் கீழே நின்றபோது அந்த அம்மாளுக்கு மூச்சு ஒரு கணம் நின்று வந்தது. அவ்வளவு குளிர்ச்சி. ஒருமுறை தமக்காக நனைந்தார். பிறகு, "இது அவருக்கு" என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் நனைந்தார். மூன்றாவது முறை மாமியாருக்காக. தீர்த்தகிரீசுவரரையும் வடிவாம்பிகையையும் தரிசித்தபின் செம்பில் இராம தீர்த்தத்தையும், சிறு புட்டி ஒன்றில் அகத்திய தீர்த்தத்தையும் நிரப்பி, வாயைத் துணியால் கட்டிக்கொண்டார். பெங்களூர்த் தம்பதியர் பேரனுக்காக ஒரு புட்டி நிரப்பினார்கள். இறங்கும்போது பெரியவர்களுக்குக் கை காலியாக இருக்க வேண்டும் என்று கல்லூரிப் பெண் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுத் தானே தூக்கிக்கொண்டாள்.

பாதிக்கு மேல் இறங்கிய பிறகு அது நடந்தது. இம்மலையில் குரங்குகள் அதிகம். பையில் தின்பண்டம் இருக்கிறது என்று நினைத்த ஒன்று பாய்ந்து இழுத்தது. பெண் பயந்து கையை விட்டாள். புட்டிகள் பாறையில் மோதித் திறந்துகொண்டன. செம்பு கணகணவென்று உருண்டு கீழே ஒரு படியில் போய் நின்றது. எடுத்துப் பார்த்தபோது ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. துணி ஈரமாக இருந்தது. உள்ளே ஒரு சொட்டும் இல்லை.

பெண் தேம்பித் தேம்பி அழுதாள். பெங்களூர்க்காரர் மறுபடியும் மேலே போய் வருவதாகத் திரும்பினார். ஆனால் அவருக்கே கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. வெயிலும் ஏறிவிட்டது. ஆசிரியரின் மனைவி பாறையில் உட்கார்ந்தார். சற்று நேரம் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெண்ணை அருகே இழுத்துக் கண்ணைத் துடைத்துவிட்டார். "தண்ணீர்தானே, அம்மா. உனக்கு அடிபடவில்லையே, அது போதும்."

அவர்கள் எழுந்து இறங்கத் தொடங்கியபோது, மேலிருந்து யாரோ வேகமாக இறங்கி வரும் காலடி ஓசை கேட்டது. நாமக்கல் லாரி ஓட்டுநர். விடிந்த பின் கண்விழித்து, யாரையும் காணாமல், வேறொரு வழித்திருப்பத்தில் இவர்களைக் கடந்து ஏறிப்போய், நீராடித் திரும்பிக்கொண்டிருந்தார். தோளில் ஒரு கேன் நிறையத் தீர்த்தம்.

நடந்ததைக் கேட்டதும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கேனைத் திறந்து, நசுங்கிய செம்பை வாங்கி, விளிம்பு வரை நிரப்பினார்.

"வேண்டாம், தம்பி. உங்கள் அம்மாவுக்கு என்று எடுத்து வந்தது."

"அம்மாவின் தலையில் தெளிக்க ஒரு கை நீர் போதும். நேற்று ராத்திரி ஐயா என்ன சொன்னார்? தாமதமாக வருகிறவனுக்கும் ஒரு வேலை இருக்கிறது என்றுதானே சொன்னார்?"

ஆசிரியர் அப்படியே சொல்லவில்லை. ஆனால் அந்த இளைஞர் அப்படித்தான் கேட்டிருந்தார். பேரனுக்கென்று பெங்களூர்த் தம்பதியரின் புட்டியிலும் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார். மீதமிருந்ததை மூடித் தோளில் போட்டுக்கொண்டு, செம்பைத் தாமே கையில் ஏந்தி இறங்கினார்.

அடிவாரத்தில் ஆசிரியர் பூ விற்கும் ஒரு மூதாட்டியின் அருகே அமர்ந்திருந்தார். முழங்கால் வலியால் அந்த மூதாட்டி மலையேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. "நான் கட்டின பூ தினமும் ஏறுது சாமி, அது போதும்" என்று அவர் சொல்லியிருந்தார். அதையே நினைத்துக்கொண்டு, மலைப்பாதையில் கண்ணை வைத்தபடி காத்திருந்தார் ஆசிரியர்.

மனைவி எதையும் மறைக்கவில்லை. பாறையிலிருந்து விழுந்த நீரின் குளிர்ச்சி முதல் உருண்டோடிய செம்பு வரை எல்லாவற்றையும் சொன்னார். ஆசிரியர் செம்பை வாங்கி, நசுங்கிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு கை நீரை எடுத்து, தலைகுனிந்து நின்றிருந்த பெண்ணின் தலையில் முதலில் தெளித்தார். "நன்றாகத் தேர்வு எழுது, அம்மா." பிறகு சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, வெட்டவெளியில் மலையை நோக்கி நின்றார். லாரி ஓட்டுநர் செம்பை உயர்த்தி அவர் தலையில் ஊற்றினார். செவிலியர் அம்மையார் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நீர் வடிந்த முகத்துடன் ஆசிரியர் சொன்னது ஒன்றுதான்: "அம்மா, வந்துவிட்டேன்." அது எந்த அம்மாவைக் குறித்தது என்று யாரும் கேட்கவில்லை.

திருநாவுக்கரசர் கயிலையைக் காணப் புறப்பட்டு, பாதம் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பு தேய்ந்து, இனி நகரவும் முடியாது என்றான பிறகும் திரும்ப மறுத்தார். இறைவன் அவரை அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் செய்து, திருவையாற்றில் எழச் செய்து, அங்கே கயிலைக் காட்சியைத் தந்தருளினான் என்கிறது பெரியபுராணம். மலைக்குப் போக முடியாத அடியவருக்கு நீரின் வழியாக மலையே வந்தது. முதுமையில் கால்கள் ஒத்துழைக்காத ஒவ்வோர் அன்பரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய வரலாறு இது.

தீர்த்தமலைக்குச் செல்ல விரும்பும் முதியவர்கள் சில செய்திகளை அறிந்திருப்பது நல்லது. அரூர் வரை பல ஊர்களிலிருந்தும் பேருந்துகள் உண்டு. ரயிலில் வருபவர்கள் மொரப்பூரில் இறங்கலாம். வசதியான அறை வேண்டுமென்றால் அரூரில் தங்குவது நலம். மலையேறுவதற்கு மருத்துவரின் அனுமதியும், ஒரு கைத்தடியும், விடியற்காலை நேரமும் அவசியம். குரங்குகள் உள்ளதால் பைகளைத் தோளோடு சேர்த்து மாட்டிக்கொள்ள வேண்டும். மாசிப் பிரம்மோற்சவக் காலத்தில் கூட்டம் மிகுதி. அமைதியாகத் தரிசிக்க எண்ணுவோர் பிற நாட்களில் வரலாம். ஏற இயலாதவர்கள் அனுமன் தீர்த்தத்தில் நீராடி, அடிவார ஆலயத்தில் வழிபட்டு, மேலே செல்பவர் எவரிடமேனும் ஒரு பாத்திரத்தைக் கொடுத்து அனுப்பலாம். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. கொண்டு வந்து தருபவருக்கும் அதில் பங்கு உண்டு.

அன்று முற்பகலில் அவர்கள் பிரிந்தார்கள். லாரி முதலில் கிளம்பியது; நாமக்கல்லுக்குப் போய்ச் சேர இன்னும் நேரமாகும் என்று இளைஞர் கையசைத்துச் சென்றார். செவிலியர் அம்மையாரும் மகளும் தண்டராம்பட்டு வழியாகத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார்கள். பெங்களூர்த் தம்பதியர் ஆசிரியரையும் மனைவியையும் இந்த முறை தங்கள் காரிலேயே ஏற்றிக்கொண்டார்கள்.

தென்பெண்ணைக் கரையில் வண்டியை நிறுத்தச் சொன்னார் ஆசிரியர். பெங்களூர்க்காரர் மறுபடியும் கை கொடுக்க, படியிறங்கி, காலியான அந்தப் பித்தளைச் செம்பை அனுமன் தீர்த்தத்தால் நிரப்பிக்கொண்டார்.

"இது யாருக்கு?" என்று மனைவி கேட்டார்.

"நம் தெருவில் நடக்க முடியாதவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்!" என்றார் அவர்.